டவுட்டு நர்சம்மா

திருத்தணியில் முருகனை ஏமாற்றியவர்கள்கூட இருக்கலாம், என் ஆயாவை ஏமாற்றியவர் ஒருவரும் கிடையாது. ஆயா என்றால் என் நைனாவை, அதாவது அப்பாவை, பெற்றவள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிடையர் ஆனவள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் டவுட்டு நர்சம்மா.

யாராவது "நல்லாக் கீறேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு. அந்த ஆளுக்கு என்னவோ வந்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவாள். "நல்லா இருக்கிறவன் இன்னாத்துக்கு அத்த சொல்லிகினு திரியறான்?" என்பாள். மாத்திரை போட்டாச்சு என்றால் நாக்கை நீட்டச் சொல்லுவாள், அது கல்யாணப் பந்தியாக இருந்தாலும் சரி. ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவளைப் பார்த்ததும் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் நாக்கை நீட்டிக் காட்டினார்.

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா சர்க்கரை இல்லாமல் காபி கேட்டார்.

"சுகரா?" என்றாள் ஆயா.

"சேச்சே, சும்மா ஒரு பழக்கங்க."

"ஆங், பழக்கம். கால காட்டுங்க."

அத்தனை பேர் எதிரில் மனுஷன் காலை நீட்டினார். பாதத்தில் ஆறாத புண். அத்தைக்குக் கல்யாணமும் நடந்தது, சம்பந்தியின் காலும் பிழைத்தது.

விரதத்தன்று மாத்திரை போட்டால் விரதம் கெட்டுவிடும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் ஆடிக் கிருத்திகையானால் ஆயா மலைப்படி அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அருள் வந்து ஆடுகிறவரையும் விடமாட்டாள். "சாமி, அப்பறமா ஆடிக்கலாம். காலைல பிபி மாத்திர போட்டியா?" என்பாள். சாமி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இல்லீங்க நர்சம்மா" என்று தலையைச் சொறியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் நைனாவே காவடி எடுத்தார். என் தம்பிக்கு வேலை கிடைத்ததற்கு வேண்டுதல். மொட்டைத் தலையில் சந்தனமும், மஞ்சள் வேட்டியும், தோளில் பூக்காவடியுமாக ஏறினார். நாங்கள் "அரோகரா" போட்டபடி பின்னால் ஏறினோம். அன்றைக்கு ஆயாவும் நாற்காலியை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பாதி மலையில் ஆயா அவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

"டேய், ஏண்டா சிரிக்கற?"

"சந்தோசம்தாம்மா."

"பொறந்ததுலருந்து என்னப் பாத்து நீ சிரிச்சதே இல்ல. எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல. நல்லாக் கீறேன்."

அவ்வளவுதான், ஆயா படிக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். பின்னால் வந்த காவடிகள் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. "கெழவி, காவடிய மறிக்கறியே, அபசகுனம்!" என்று கத்தினார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. நைனாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலில் அவருக்குச் சில்லென்று வியர்த்திருந்தது.

"கை இழுக்குதா?"

நைனா மெல்லத் தலையாட்டினார். ஆனால் இறங்க மாட்டேன் என்றார். காவடியைப் பாதி வழியில் தரையில் வைக்கக் கூடாது. வீட்டு ஆள் ஒருவர் தோள் மாற்றிக்கொண்டு மேலே போயாக வேண்டும். தம்பி வாங்கக் கையை நீட்டினான். நைனா கொடுக்கவில்லை.

"இவன் ஓரமா வெச்சிட்டு என் பின்னாலயே ஓடியாந்துடுவான். நீ எடுத்துகினு போம்மா. நீ சொன்னா சொன்னதுதான்."

"பெத்தவளையே மெரட்டறியாடா, பாவி!"

திட்டிக்கொண்டே காவடியைத் தோளில் வாங்கினாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஊரில் ஒருவரையும் நம்பாதவள், பெற்ற பிள்ளையை எங்கள் கையில் விட்டுவிட்டு மலையேற வேண்டியிருந்தது. என்னிடம் திரும்பி, "அவன் கைய உடாத. இன்னா சொன்னாலும் நம்பாத" என்றாள். அப்புறம் விறுவிறுவென்று ஏறிவிட்டாள்.

தம்பி நைனாவை முதுகில் சுமந்து இறங்கினான். நல்லவேளை, அடிவாரத்திலேயே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஹார்ட் அட்டாக், இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மத்தியானம் ஆயா காவடியைச் செலுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். சூட்டில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். டாக்டரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நைனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பொழுது சாய்ந்த பிறகும் விடவில்லை.

"யம்மா, அதான் மெஷின் பாத்துகினு கீதே" என்றார் நைனா.

"மெஷினா உன்னப் பெத்துச்சு?"

நைனா கண்ணை மூடிக்கொண்டு கையை அவளிடமே விட்டுவிட்டார்.

ஆயா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். நைனா நன்றாக இருக்கிறார். அவ்வப்போது மட்டும் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. "இன்னா நைனா, நாடி பாக்கறியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எங்கம்மா புடிச்சிகினு இருந்த எடம்" என்றார்.