கில்ட்டுக்கு மேலே என்ன போடுவது, அத்தான்?

டோபர்மோரி,
நவம்பர், ஞாயிறு மாலை

இன்வர்னெஸ்ஸில் குடியிருக்கும் பெருமதிப்பிற்குரிய அத்தான் லாக்லன் அவர்களுக்கு, மைத்துனன் நீல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் இருமல் பாதி நலம். அங்கே நீங்களும், பெய்கி அக்காவும், உங்கள் பூனையும், உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மழையைப் பற்றி விசாரிக்கவில்லை. அது இரண்டு ஊரிலும் அமோகமாகத்தான் இருக்கும்.

நிற்க. என் மகள் மோர்வென் கல்யாணம் வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணை வீட்டிலிருந்து தேவாலயம் வரை தோல்பை பைப் வாசிப்பவருக்குப் பின்னால் நடத்தியே கூட்டிப்போவதும், அப்பன்காரன் அவள் பக்கத்தில் நடப்பதும் இந்த ஊர் வழக்கம் என்பதும் தெரியும். போன குளிர்காலத்தில் மார்பில் சளி கட்டி நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் தெரியும். அவள் அம்மா இல்லாமல் போன பிறகு இந்தப் பெண்ணுக்கு நான் ஒருவன்தான், எனக்கும் அவள் ஒருத்திதான், அதனால் அந்த நடை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாதது, கிளாஸ்கோவிலிருந்து அவள் தொலைபேசியில் போட்ட நிபந்தனை. "அப்பா, நனையாம நடக்க ஒரு வழி கண்டுபிடிச்சு வைங்க. முடியலேன்னா நீங்க முன்னாடியே கார்ல போய் சர்ச்சுல உக்காந்துக்குங்க. நான் தனியா நடந்து வந்துடறேன்." கண்டுபிடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்பா விசேஷத்துக்குக் கட்டும் முழங்கால் அளவுக் கம்பளிப் பாவாடையை, அந்தக் கில்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். அந்துப்பூச்சி ஒன்று பறந்து போனது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் இது ஒரு பிரச்சினையாகவே எனக்குப் படவில்லை. மழை என்றால் மழைக்கோட்டு, அவ்வளவுதானே என்று நினைத்து, படகுத்துறையில் கயிறு பிடித்த காலத்து மஞ்சள் கோட்டை கில்ட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு வெள்ளோட்டம் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போனேன். நல்ல நீளமான கோட்டு, கில்ட்டின் ஓரம்கூட நனையவில்லை, ஆகவே கில்ட்டின் ஓரம்கூட வெளியே தெரியவுமில்லை. தெரிந்ததெல்லாம் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும், அதற்குக் கீழே இரண்டு வெற்றுக் கால்களும்தான். எதிர்வீட்டுத் திருமதி பீட்டன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். நீல் மக்ஃபேடியனுக்குப் புத்தி பிசகிவிட்டது, உள்ளே ஒன்றும் உடுத்தாமல் கோட்டோடு திரிகிறான் என்று யாருக்குச் சொன்னாளோ, மீன்கடை தாண்டுவதற்குள் நம் இளைய போலீஸ்காரர் வந்து வழியை மறித்தார். மரியாதையான பிள்ளை. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டைக் கொஞ்சம் தொறந்து காட்டுனீங்கன்னா, உள்ள ஏதோ இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவேன்" என்றார். எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, தாராளமாக இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துப் படகிலிருந்து இறங்கிய கூட்டம் என் முதுகுப் பக்கமாக வந்தது. அவர்களுக்குக் கில்ட் தெரியவில்லை. விரித்த கோட்டும், வெற்றுக் காலும், எதிரே தலையைக் குனிந்து பார்க்கும் போலீஸ்காரரும் மட்டுமே தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்தால் வரிசை தானாக விலகி வழிவிடுகிறது.

சரி, நீளம்தான் குற்றம் என்று இடுப்பளவு மெழுகு பூசிய கோட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது அத்தான், நீங்கள் ராணுவத்தில் பைப் வாசித்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் தெரியவில்லை. மெழுகுக் கோட்டில் விழும் மழை உள்ளே போகாது, நியாயம்தான், ஆனால் எங்கேயாவது போயாக வேண்டுமே? அத்தனையும் கோட்டின் விளிம்பு வழியாக வழிந்து நேரே கில்ட்டின் பின்பக்கத்து மடிப்புகளுக்குள் இறங்குகிறது. எட்டு கஜம் கம்பளி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவதற்குள் இடுப்பில் யாரோ தொங்கிக்கொண்டு வருவதுபோல் கனத்தது. நனைந்த ஓரம் முழங்காலின் பின்புறத்தை அறுத்து எடுத்ததில் காலை அகட்டி அகட்டி நடந்தேன். கம்பளி வாடையோ ஊரைத் தூக்கியது. மேட்டுத் தோட்டத்து ஆட்டுநாய் வேலியைத் தாண்டி வந்து, என்னைச் சுற்றிச் சுற்றி ஓடி, பட்டிக்குள் தள்ளப் பார்த்தது. நானும் பாதி தூரம் அது சொன்ன பக்கம் போனேன் என்பதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது குடை. கில்ட் கட்டியவன் குடை பிடித்தால் நம் ஊர் என்ன பேசும் என்று தெரிந்தே பிடித்தேன். ஊர் பேசுவதற்கு முன்பே காற்று குடையைப் பிடுங்கி வளைகுடாவில் போட்டுவிட்டது. சுற்றுலாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் போர்வையையும் முயன்றேன். வெளியே நனையாமல் உள்ளே வியர்த்து, கடையில் சுற்றிவைத்த மீன் துண்டமாக வீடு வந்து சேர்ந்தேன். இத்தனைக்கும் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. வருஷமெல்லாம் மழை பெய்கிற நாட்டில், முழங்காலைத் திறந்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற துணியை மடித்து மடித்துப் பின்னால் கட்டிக்கொள்ளும் யோசனை எவனுக்கு வந்திருக்கும்? யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. நம் முன்னோர் மடையர்கள் இல்லை. அவர்கள் கட்டியது பெரிய கம்பளிப் போர்வை, ஒரே துணி. கீழ்ப்பாதி கில்ட், மேல்பாதி தோளிலும், மழை வந்தால் தலையிலும். பின்னால் வந்த யாரோ ஒரு புத்திசாலி வீண்துணி என்று மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டான். அந்த மேல்பாதிதான் மழைக்கோட்டு! வெட்டி எறிந்த பாதியைத்தான் நாம் இன்னும் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், நேற்று சனிக்கிழமை, கட்டிலில் கிடந்த கட்டம் போட்ட பெரிய டார்ட்டன் கம்பளியை எடுத்து, பழைய முறைப்படியே சமையலறைத் தரையில் விரித்து, மடிப்பு வைத்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்து மூடி பெல்ட்டைப் போட்டேன். எல்லாம் பிரமாதமாக அமைந்தது. எழுந்திருப்பது மட்டும்தான் பாக்கி. இடுப்பு பிடித்துக்கொண்டது அத்தான். அசைய முடியவில்லை. கம்பளி கதகதப்பாக இருந்ததால் கண்ணை மூடினேன், தூங்கியும் போனேன். அப்போதுதானா மோர்வென் படகில் வந்து இறங்கிக் கதவைத் திறக்க வேண்டும்? தரையில் மூடிப் படுத்திருக்கிற அப்பாவைப் பார்த்து, கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டு அழுதுவிட்டாள். நான் கண்ணைத் திறந்து, "மழைக்கோட்டு கண்டுபிடிச்சுட்டேன்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் என் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காருக்குச் சொல்லிவிடுகிறேன் அப்பா, இனி எதுவும் முயற்சி செய்ய வேண்டாம் என்று சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆகவே அத்தான், கடைசி வழியாக உங்கள் காலில் விழுகிறேன். பட்டாளத்தில் மழையில் பைப் வாசிக்கும்போது போட்டீர்களே, கை இல்லாத அந்தக் கறுப்புக் கேப், தோளிலிருந்து முழங்கால் வரை குடைபோல விரிந்து நிற்குமே, அதை வியாழக்கிழமைக்குள் தபாலில் அனுப்பி என் நடையைக் காப்பாற்றுங்கள். அதைப் பார்த்தால் அவள் காரை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டு அடுப்பில் கரியும் கோப்பையில் விஸ்கியும் குறையாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
நீல்

பின்குறிப்பு: திங்கள் காலை. கேப்பை அனுப்ப வேண்டாம். உறை ஒட்டுவதற்கு முன் மோர்வென் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஆட்டுநாய் இடத்தில் சிரித்தவள், கேப் இடத்தில் நிறுத்திவிட்டு, "ரெண்டு கையையும் கேப்புக்குள்ள வச்சுக்கிட்டா நான் எதைப் புடிச்சுக்கிட்டு நடக்கறது?" என்று கேட்டாள். கையை வெளியே எடுத்தால் கேப் தூக்கிக்கொண்டு கில்ட் நனையும் என்றேன். அவள், "கில்ட் கட்டச் சொன்னது யாருப்பா? கூட நடந்து வாங்கன்னுதானே சொன்னேன்" என்றாள். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான், அவள் கில்ட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கார் வேண்டாமாம். சாதாரண மழைக்கோட்டும், கம்பளிக் கால்சட்டையும், அவள் பிடித்துக்கொள்ள ஒரு கையும் இருந்தால் போதுமாம். கோட்டும் கையும் என்னிடம் இருக்கின்றன. தேவாலயத்துக்குப் போடும்படியான கால்சட்டைதான் இல்லை. நம் இருவருக்கும் ஒரே உயரம், உங்களுடையதை அனுப்பிவையுங்கள். நீங்கள் மட்டும் தவறாமல் கில்ட் கட்டிக்கொண்டு வாருங்கள் அத்தான், குடும்பத்து மானத்துக்கு யாராவது ஒருவர் நனைய வேண்டும் இல்லையா?