மயிலிறகுக்கு முந்நூறு கட்டம்

வலைபின்னி என்றோர் இனம் உண்டு. பாகான் டத்தோ கடலோரத்தில் போய்த் தேடாதீர்கள், இவருக்கும் மீனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏர்கான் குளிர்கிற அறையில், கணினித் திரைக்கு முன்னால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான்.

ஒரு தகடு பாரம் தாங்குமா, முறியுமா என்று வெட்டுவதற்கு முன்பே கணினியில் சோதித்துச் சொல்வது இவர் தொழில். அதற்குத் தகட்டின் பரப்பை முதலில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். மெஷ் என்பார்கள். கட்டம் சிறிதாகச் சிறிதாகக் கணக்கு துல்லியமாகும், நேரமும் கூடும். மிகச் சிறிய கட்டம் என்ன அளவு, மிகப் பெரியது என்ன அளவு, வளைவுகளில் எத்தனை, சிறியது எவ்வளவு வேகத்தில் பெரியதாகலாம் என்று நாலைந்து எண்களைக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் வேலை நடக்கும். மனிதர்கள் அமுக்குவார்கள். வலைபின்னி அமுக்குவாரா? எண்ணை மாற்றுவார், பெரிதாக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், டீயை ஆறவிடுவார், மறுபடி மாற்றுவார். "இன்னும் கொஞ்சம் பொடிசா போடலாம்" என்பது அவருடைய மூல மந்திரம்.

ஈப்போவில் எனக்குத் தெரிந்த தர்மா இந்த இனத்துக்கே தலைமகன். வலை வலையாக ஊற்றிச் சுட்ட ரொட்டி ஜாலா தட்டில் வந்தால் குழம்பைத் தொடமாட்டார், ஓட்டைகளை ஆராய்வார். "ஓரத்துல நெருக்கம் பத்தல பாய்" என்று கடை முதலாளி ஜைனுலாப்தீனிடமே சொன்னவர்.

"திங்கத்தான் சுட்டது அண்ணே. ஆறிப் போவுதுலா!" என்றார் பாய்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மைத்துனன் யுகேந்திரன் வந்து மாட்டினான். அவன் மகள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்து வந்து இப்போது வீட்டையே இரண்டாக்குகிறது. காவடியும் தயார், தோளில் உட்காரும் இரண்டு அலுமினியத் தகடுகள் மட்டும் பாக்கி. ஆள் ஆறடி, அகலமும் அதற்கேற்ப. அவனுக்கென்றே வெட்டியாக வேண்டும்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா. பாதி வழியில முறிஞ்சா வேண்டுதல் என்னாகறது?"

"கவலப்படாத மச்சான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துரலாம்."

போட்டார். தகட்டில் அலங்காரத்துக்கு ஒரு தோகை விரித்த மயில். ஒவ்வோர் இறகின் கண்ணுக்கும் முந்நூறு கட்டம் என்று தம் கையாலேயே அளவு கொடுத்தார். கணினி முக்கியது, முனகியது, படுத்தது. எழுப்பி உட்கார வைத்து இன்னும் பொடிசாக்கினார். மெங்லெம்புவில் தகடு வெட்டும் கனகராஜ் போன் மேல் போன் போட்டார்.

"ட்ராயிங் எங்கண்ணே? புதனோட கடைய மூடுறேன். நானும் கோயிலுக்குப் போவணும்லா."

"மயில எடுத்துட்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றாள் தர்மாவின் மனைவி ஷர்மினி. "அது சும்மா அழகுக்குத்தானே?"

"மயில் இல்லாம முருகனா?" என்று அதிர்ந்தார் தர்மா. பக்தி இல்லை ஐயா, கட்டங்கள் மேல் பாசம்!

புதன் போயிற்று. கனகராஜின் கதவு இறங்கிற்று. தைப்பூசத்தன்று காலையில் விடை வந்தது. திரை முழுக்கக் குளுகுளுவென்று நீலம், ஆபத்தில்லை என்கிற நிறம். எந்த இறகும் முறியாது, மயில் பத்திரம். காவடிப் பாரம் அத்தனையும் இறங்குகிற தோள்பட்டைத் துளையைச் சுற்றி? அங்கே இவர் எந்த எண்ணும் கொடுக்கவில்லை. மென்பொருள் தானாகப் போட்ட நாலே நாலு கட்டம். அதை நம்பி ஒரு குடத்தைக்கூடத் தூக்க முடியாது.

அப்படியானால் யுகேந்திரன்? காவடியோடு புறப்பட்டுவிட்டான். வெட்டாத தகட்டோடு அல்ல, பாரிட் புந்தாரிலிருந்து வந்த இரவல் காவடியோடு. ஷர்மினி முதல் வாரமே போன் போட்டுச் சொல்லி வைத்துவிட்டாள். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா?

இரவல்காரர் ஒல்லி. தகடு யுகேந்திரனின் தோளில் கடித்தது. துண்டை மடித்து அடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில்வரை ஆடியே போனான். மகள் முன்னால் குதித்துக்கொண்டு போனாள். தர்மாவும் கூடவே நடந்தார், தகட்டைப் போனில் படம் எடுத்தபடி. காவடியை இறக்கியதும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அடுத்த வருஷம் பாரு மச்சான், இந்த வளைவுல இன்னும் கொஞ்சம் பொடிசா..."

"மாமா" என்றான் யுகேந்திரன், கன்றிச் சிவந்த தோளைத் தடவிக்கொண்டே. "வலிக்குதான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

தர்மா போனை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும் முன்பே பத்திரிகைக்கு எழுத்துரு தேடியவர் நீங்கள் இல்லைதானே? இதைப் படிக்கத் தொடங்குமுன் எழுத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தவரும் நீங்கள் இல்லைதானே? நல்லது. எதற்கும் வீட்டில் மெல்ல விசாரித்துப் பாருங்கள். உங்களை நம்பாமல் யாராவது ஓர் இரவல் காவடிக்குச் சொல்லி வைத்திருக்கப் போகிறார்கள்.