மலிவு விலையில் மூன்று மாமியார்

இனிமேல் ரோடு போடப் போவதில்லை என்று ஒரு நல்ல நாளில் முடிவெடுத்தேன். பதினெட்டு வருஷம் தார் முகர்ந்தது போதும். சுற்றுலாக் கம்பெனிக்காரன் பூர்வகுடிகளான எங்களைக் காட்டுவதற்கு வெள்ளைக்காரனிடம் நானூறு டாலர் பிடுங்குகிறான். அதையே நாற்பதுக்குக் காட்டினால் கூட்டம் அலைமோதாதா? பழைய காரின் கதவைக் கழற்றி, 'மலிவு விலையில் பூர்வகுடிப் பண்பாடு. அணுகவும்: ரெக்ஸ்' என்று பெயின்ட் அடித்து நெடுஞ்சாலையில் சாத்தினேன்.

என் மனைவி கோரல் இடுப்பில் கை வைத்துப் படித்தாள். அந்தக் கை அங்கே போனாலே அடுத்து கேள்விதான்.

"எதைங்க காட்டப் போறீங்க?"

"மலைக்குப் பின்னால இருக்கே சுனை, அதைத்தான்."

"அது எங்க அம்மா வழிச் சுனை. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"நான் எப்படிடி கேப்பேன்? மாமியார் முகத்தைப் பாக்கவே கூடாது. பேசுறது அதுக்கும் மேல. நம்ம பழக்கத்தை நானே மீறலாமா?"

"அடேயப்பா! என்ன ஒரு பக்தி! சரி, நான் கேட்டுச் சொல்லட்டா?"

"நீ கேட்டா வேணாம்னுடுவாங்க. சும்மா இரு."

சும்மா இருந்தாள். சிரிக்க வேறு செய்தாள். அப்போதே நான் கதவைத் திரும்ப காரில் மாட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒரு வேனில் மூன்று ஜெர்மன் பெண்கள் வந்து இறங்கினார்கள். தலைவி பெயர் பிரிகிட்டே. ஐம்பது வயதிருக்கும். மாணவர் சலுகை உண்டா என்று கேட்டாள். பிறகு என் கால்பந்துத் தொப்பியைச் சோகமாகப் பார்த்தாள்.

"நீங்க நிஜமான பூர்வகுடிதானே?"

"தொப்பிக்குக் கீழே எல்லாம் நிஜம்தாம்மா."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு எதிரே இருந்த மேட்டைக் காட்டினேன். "ஆதியில இந்தக் குன்று ஒரு பெரிய பல்லியா இருந்தது..." அது போன வருஷம் நாங்களே ரோட்டுக்காகக் கொட்டிய மண். பிரிகிட்டே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து கோரல் டீயோடு வந்தாள்.

"முதல்ல உறவுப் பெயர் வைக்கணும்! பெயர் இல்லாதவங்க எங்களுக்கு என்ன உறவுன்னே தெரியாதே. நீங்க மூணு பேரும் இன்னைலேர்ந்து நபங்கார்டி. எங்க அம்மாவும் நபங்கார்டிதான். நீங்க அவங்க கூடப் பிறந்த மாதிரி!"

மூவரும் கண் கலங்கினார்கள். எனக்கும் கலங்கியது. மாமியாரோடு கூடப் பிறந்தவர்களும் எனக்கு மாமியார்தான். ஒரே நொடியில் மூன்று புது மாமியார்! பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. பல்லியைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினேன்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் பிரிகிட்டே.

"மரியாதைங்க! மாமியார் முன்னாடி எங்க ஆம்பளைங்க நிக்க மாட்டாங்க."

"ஐயோ, எவ்வளவு அழகு! நாற்பது டாலருக்கு இதை நாங்க எதிர்பார்க்கவே இல்லை!" என் முதுகைப் படம் பிடித்துத் தள்ளினார்கள்.

"கோரல்! பெயரை மாத்துடி!" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

"கொடுத்த பெயரைப் பிடுங்கறதா? பண்பாட்டைக் காட்டுறேன்னு போர்டு வச்சது யாரு? நல்லாக் காட்டுங்க, அவங்க பாக்கட்டும்!"

காசையும் திருப்பிக் கொடுத்தாள். சொந்தக்காரர்களிடம் யாராவது காசு வாங்குவார்களா? மூவரையும் நேரே தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனாள். சுனையை யாரும் பார்க்கவில்லை. மாமியாரோடு உட்கார்ந்து விதை அரைத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், ஒரு வாரம் தங்கினார்கள்.

அவர்கள் வந்த அன்று சாயங்காலமே கோரல் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, மாமியாருக்குக் கறி கொடுத்து அனுப்புறது மருமகன் கடமை இல்லியா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இப்போ நாலு பேரு. அதுவும் அந்த பிரிகிட்டே நல்லாச் சாப்பிடுறா."

பழக்கத்தை மீறக் கூடாது என்று வாயைத் திறந்து சொன்னவன் நான். கறி விற்கிற விலையில் வேறு வழி? திங்கட்கிழமை காலை மேஸ்திரியிடம் போய்த் தலையைச் சொறிந்து, பழைய வேலையிலேயே சேர்ந்துகொண்டேன். ஒரு வாரம் தார் ஊற்றினேன், அந்த வாரம் முழுக்கக் கறி அனுப்பினேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பிரிகிட்டே, கோரல் வழியாக எனக்கு நன்றி சொல்லி அனுப்பினாள். அடுத்த வருஷம் அவளுடைய சொந்தத் தங்கைகள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.