‘ஹேவக்’ என்று கத்திய பிறந்தநாள்

பொறாமைக்காரன் நிறையப் படித்தவனாகவும் இருந்துவிட்டால் அவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. 2006இல் என் கையில் கொடுத்தார்கள்.

அதுவரை ஒஸ்லோவில் எங்கள் வட்டத்துக் கொண்டாட்டங்களில் பேச்சு என்றால் நான்தான். எந்தச் சொல் எந்த நூற்றாண்டில் எங்கிருந்து வந்தது என்று சொல்லுவேன். (கேட்டார்களா என்பது வேறு கதை.) அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து பாலாஜி என்ற கணினிப் பொறியாளர் வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம்தான் பேசுவார், எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி வசந்தியும் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் கடைசியாகச் சிரித்தது கல்யாணத்துக்கு முன்பு.

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் நண்பன் குகனின் மகளுக்குப் பிறந்தநாள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு குடும்பமும் மேடையேறிப் படமெடுத்து, பேச்சுகளும் முடிந்த பிறகுதான் கேக்கும் சாப்பாடும். பிள்ளைகள் பொரித்த ரோல்ஸ் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலாஜி பேசிக் கைதட்டல் வாங்கி இறங்கினார். குகன் என் காதில், “அண்ணை, நீங்கள் சுருக்கமாக் கதையுங்கோ” என்றான்.

அவரிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறானே! இழந்த சபையை அன்றே மீட்பதென்று தீர்மானித்தேன்.

பேரழிவையும் அமளியையும் குறிக்கும் ‘ஹேவக்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்தேன். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அது போர்க்களக் கட்டளை. தளபதி அப்படிக் கத்தினால் வீரர்கள் வரிசையைக் கலைத்து அகப்பட்டதை அள்ளலாம் என்று விளக்கினேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். என்னை அப்படி யாரும் கேட்டதே இல்லை.

“எதையும் எடுக்கலாமோ மாமா?” என்றாள் பிறந்தநாள்காரி.

“ஓம், எதையும்” என்றேன். பிறகு, தளபதி எப்படிக் கத்தியிருப்பார் என்று மைக்கில் கத்திக் காட்டினேன்.

ரோல்ஸ் போனது. வடை பறந்தது. பலூன் வளைவு வீடியோக்காரர்மேல் சரிந்தது. பாலாஜி மட்டும் கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். அதற்கும் கைதட்டல்.

பிறகு நான் மண்டபத்தைக் கூட்ட, அவர் குப்பை அள்ளினார். “அனுமதியில்லாம அப்படிக் கத்தினா தலையை வெட்டிருவாங்களாமே, சார். எங்கயோ படிச்சேன்” என்றார் பணிவாக. நானும் படித்திருந்தேன். வசந்தி என் கழுத்தைப் பார்த்தாள்.

இன்றும் வீட்டில் விருந்தென்றால், ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு, “ஒருக்காக் கத்துங்கோவன்” என்பாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வட்டத்தில் இந்தக் கதையை, ‘பாலாஜி கேக்கைக் காப்பாற்றின நாள்’ என்றுதான் தொடங்குகிறார்கள். கத்தினது யார் என்று கேட்டால், “ஆரோ ஒரு அண்ணை” என்கிறார்கள்.