மூன்று கொம்பு அட்டை

பவுர்சாக் பலகாரத்துக்கு மாவை உருட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டே, நடுவில் கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நாளை எங்கள் வீட்டில் விருந்து. என் மகன் தௌரேன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அரசாங்கக் கணக்கில் மட்டும் அவன் இன்னும் பிறக்கவில்லை.

காரணம், எங்கள் ஊர்ப் பதிவு அலுவலகம் முன்னேறிவிட்டது. கணினிகள் எல்லாம் லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மாறின. அன்றே வைஃபை நின்றது. இணையம் இல்லாமல் யாரையும் பிறந்ததாகப் பதிய முடியாது. ஆகவே லினக்ஸோடு ஒத்துப்போகும் வைஃபை அட்டை வாங்க, மேலாளர் சகிந்திக் ஐயா தலைமையில் உயர்மட்டக் குழு அமைந்தது. என் வீட்டுக்காரரையும் சேர்த்தார்கள். கிடா பார்த்து வாங்குவதில் கெட்டிக்காரர் என்பது அவர் தகுதி.

கடைக்காரப் பெண் நகம் அளவில் ஒன்றை எடுத்து வைத்தாளாம்.

“இதைச் செருகினா போதும் மாமா. லினக்ஸ் தானா கண்டுக்கும்.”

“ஆன்டெனாக் கொம்பே இல்லையேம்மா,” என்றாராம் சகிந்திக் ஐயா. “இந்த மொட்டையை அலுவலகத்துல வச்சா எவன் மதிப்பான்?”

“நல்லா வேலை செய்யும்.”

“வேலையை நாங்க பாத்துக்குறோம். அந்த மூணு கொம்புக்காரனை எடு.”

“அதுக்கான மென்பொருளை இணையத்துலேருந்து இறக்கணும் மாமா.”

“இறக்குறோம். அதுக்குத்தானே அட்டை வாங்குறோம்.”

என் வீட்டுக்காரர் கொம்பை ஆட்டிப் பார்த்து, “நல்ல உறுதி” என்று தொழில்நுட்ப ஒப்புதல் அளித்தார்.

அட்டை வந்தது, இணையம் வரவில்லை. குழு மறுபடி கூடி, தேநீர் குடித்து, கொம்புகளை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது.

பிள்ளையோடு அலுவலகத்தில் போய் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. “சான்றிதழ்...” என்றேன்.

“நெட் வர்ற அன்னைக்குப் பிறந்ததாப் போட்டுடலாம் மருமகளே,” என்றார் சகிந்திக் ஐயா. “வயசு குறையும், லாபம்தானே.”

“நடக்குறானே ஐயா.”

“பிறக்குறதுக்கு முன்னாடியேவா? கெட்டிக்காரன்.”

நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால்களைக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றை அறுப்பது எங்கள் வழக்கம்; நாளைய விருந்து அதற்குத்தான். அறுக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும். யாரைக் கூப்பிடலாம் என்று நேற்றுப் பேச்சு வந்தது. ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா பெயரை மெதுவாகச் சொன்னேன்.

“அந்தக்கா சான்றிதழ்ல கையெழுத்துப் போடுமா?” என்றார் வீட்டுக்காரர்.

ஆகவே கத்தி சகிந்திக் ஐயா கைக்குப் போகிறது. நானும் தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால் நல்லதுதான். தௌரேன் அவரைப் போலவே வளர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், எங்கள் வீட்டில் யாரும் வரிசையில் நிற்கவேண்டாம். மற்றவர்கள் நின்றால் நமக்கென்ன, நாம் மட்டும் நேராக உள்ளே... அத்தை கூப்பிடுகிறார்கள், எண்ணெய் புகைகிறதாம், நான் போய்...