சந்தியாகப்பரைக் குடிவைத்த லாடம்

நாலாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான் தூத்துக்குடியில் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கருப்பட்டி மண்டி. ஒரு பலசரக்குக் கடை. நண்டுகூடக் குடியிருக்க யோசிக்கும் உப்புத்தரையில் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். யுத்த காலம் அது. ஆணி கிடைக்காது, மரம் கிடைக்காது, கொத்தனார் கிடைத்தால் அவருக்குக் கொடுக்கக் காப்பி கிடைக்காது. அப்படியும் கட்டினேன்.

கட்டிய இடத்துக்கு என் பெயரை வைக்கத்தான் முடியவில்லை. துறைமுகத்துக்கும் ரயிலடிக்கும் நடுவே எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கலெக்டரிடமும் இல்லை, முனிசிபாலிட்டியிடமும் இல்லை. அது ஒரு குதிரைவண்டிக்காரரிடம் இருந்தது. அவரை ஊரே லாடம் என்று கூப்பிட்டது.

லாடம் வண்டியில் ஏறினால் ரயில் போய்விடும். புனிதர் பெயர் வைத்த தெரு ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்துவார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் புனிதர் யார், எதற்காக உயிரை விட்டார், இன்றைக்கு எந்த நோய்க்கு வேண்டினால் கேட்பார் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் சவுக்கை எடுப்பார். குதிரையும் தலை குனிந்து நிற்கும். அது பக்தியா புல்லா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் ஒரு குமாஸ்தா அவசரமாக ஏறி, "செபஸ்தி தெருவுக்கு விடு" என்றார்.

லாடம் திரும்பிப் பார்த்தார். "அம்பு தைச்சு நின்ன மகான், செபஸ்தியார். உமக்கு வெறும் செபஸ்தியோ? கூடப் படிச்சீரோ? இறங்கும்வே."

சென்னையிலிருந்து வந்த ஒரு அதிகாரி பீட்டர் கோயில் தெரு எங்கே என்று கேட்டதற்கு, "பீட்டருன்னு இங்கன யாரும் இல்லீங்க, ராயப்பருதான் இருக்காரு" என்றார். இரண்டும் ஒருவர்தானே என்று அதிகாரி வாதாடினார். "ஒருத்தருதான். ஆனா வீட்டுல கூப்பிடுத பேரைச் சொன்னாத்தானே திரும்பிப் பார்ப்பாரு" என்று லாடம் சொன்னார். அதிகாரி நடந்தே போனார்.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் நான் 'தவசிமுத்துபுரம்' என்று பலகை எழுதி நட்டேன்.

ஒரு குடித்தனம் வரவில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு வீடு தேடி வருகிறவர்கள் வண்டிப்பேட்டையில்தான் விசாரிப்பார்கள். பேட்டைக்கு லாடம்தான் ராசா. "அப்பிடி ஒரு இடமே இல்லையே" என்று அவர் சொன்னால் மற்ற வண்டிக்காரர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள். என் சம்சாரத்தின் நகையெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. வீடுகள் இன்னும் ஒரு மழைக்காலம் காலியாகக் கிடந்தால், கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்ற பழைய பிழைப்புக்கே திரும்ப வேண்டியதுதான்.

நேரே பேட்டைக்குப் போனேன். "ஏன்வே, பலகை கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணாச்சி. ஆனா காய்ச்சல்ல கெடக்கவன் என்னன்னு வேண்டுவான்? 'தவசிமுத்து அண்ணாச்சி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னா?"

"நான் எதுல கொறைஞ்சு போனேன்?"

"உங்க கடைத் தராசைக் கேளுங்க, சொல்லும்."

பேட்டையே சிரித்தது. குதிரைகூடக் கனைத்தது.

வேறு வழியில்லாமல், சரி, ஒரு புனிதர் பெயரையே வையும் என்றேன். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. புனிதர் பெயர் வைத்தால் வருசா வருசம் அவர் திருநாளுக்குக் கொடியேற்றி, வருகிற அத்தனை பேருக்கும் அசனம் போட வேண்டும். அசனம் என்றால் வயிறு நிறையச் சோறு. முதல் வருசம் அது இடத்துக்காரர் பொறுப்பு. அரிசியோ ரேஷனில் படியளக்கும் காலம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "ஆடி மாசம் யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"சந்தியாகப்பர்."

"அவரே போதும்."

லாடத்தின் கண் கலங்கிவிட்டது. "குதிரைமேல வாரவரு, அண்ணாச்சி."

அவருக்குக் குதிரை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "அதுக்காகத்தானே அவரை எடுத்தேன்" என்றேன். லாடம் போய்த் தன் குதிரையின் காதில் அந்தச் செய்தியைச் சொன்னார்.

என் கணக்கு இதுதான்: ஆடிக் காற்றில் தோணிகள் கொழும்புக்குப் போகாது, வலைக்காரர்களும் கடலில் இறங்க மாட்டார்கள். கையில் காசிருக்காது. காசில்லாதவன் வெளியே தலைகாட்ட மாட்டான். ஒரு சின்னப் பானையோடு திருநாள் முடிந்துவிடும். கடை வியாபாரத்தில் இது அச்சுப் பிசகாத கணக்கு. சோற்றுப் பந்தியில் நேர் எதிர் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

தோணிகள் எல்லாம் கரையில் கிடந்ததால், தோணிக்காரர்கள் எல்லாரும் என் வாசலில் நின்றார்கள். மணப்பாட்டிலிருந்து வேம்பாறு வரைக்கும் வேலையில்லாத கரை மொத்தமும் பெண்டு பிள்ளைகளோடு வந்துகொண்டே இருந்தது. என் சம்சாரம் பானையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க பேரு எழுதுன பலகை எங்க கெடக்கு? அடுப்புல வைக்கலாம், வெறகாவது மிச்சம்" என்றாள்.

லாடத்தைத் தேடினேன். வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. மாட்டிவிட்டு ஓடிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் ஓடியது புனிதர் தெருக்களுக்கு. ஒவ்வொரு தெருவிலும் வண்டியை நிறுத்தி, துண்டை அவிழ்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "உப்புத்தரையில சந்தியாகப்பர் புதுசாக் குடி வந்திருக்காரு. இன்னைக்குத்தான் பால் காய்ச்சுதாரு. பக்கத்துல காலங்காலமா இருக்க உங்க அந்தோணியார் வெறுங்கையோட பார்த்துக்கிட்டு நிப்பாரோ?" அடுத்த தெருவில், "அந்தோணியார் வீட்டுல அரிசி கட்டியாச்சு. உங்க சவேரியார் என்ன சொல்லுதாரு?"

எந்தத் தெரு தன் புனிதரை விட்டுக்கொடுக்கும்? ரேஷன் அரிசியில் வீட்டுக்கு ஒரு கைப்பிடி வந்தது. கம்பு வந்தது, பருப்பு வந்தது, பூசணிக்காய் வந்தது. லாடத்தின் பின்னால் பேட்டை வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கும்போது, "இது செபஸ்தியார் வீட்டுச் சீரு, இது ராயப்பர் வீட்டுச் சீரு" என்று பெண் வீட்டார் மாதிரி கூவினார். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, இன்னும் பெரிய பானை இருக்கா?" என்றார். நான் கருப்பட்டி மண்டியையே திறந்துவிட்டேன். இது குறிப்பாகக் கவனிக்கப்பட வேண்டும்.

சாப்பிட்டு எழுந்த பெண்கள் சும்மா போகவில்லை. கை கழுவின ஈரத்தோடு வீடுகளுக்குள் புகுந்து அடுப்படியைப் பார்த்தார்கள். "ஏளா, இங்கன காத்து நல்லா வருது" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஆடி முடிவதற்குள் ஒரு வீடுகூட மிச்சமில்லை.

அப்புறம் லாடம் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் புதிதாக எழுப்பிய குருசடிச் சிலுவை முன்னால் நின்று சந்தியாகப்பர் கதையைச் சொல்வார். ஆனால் நாலடி தள்ளி, என் கடை முனையிலும் வண்டி ஒருமுறை நிற்கும். துண்டும் கைக்கு வரும். ஒரு பயணி கேட்டேவிட்டார்: "இங்கன எந்தப் புனிதருய்யா?"

"இங்கன ஒருத்தருமில்ல, கருப்பட்டிக் கடைதான். சவத்துக் குதிரை நின்னு பழகிட்டு" என்றார் லாடம், துண்டைக் கட்டாமலே.

இப்போது லாடமும் இல்லை, குதிரைவண்டிகளும் இல்லை. பஸ்காரர்கள் எங்கள் இடத்தை 'எஸ்.புரம்' என்று கத்துகிறார்கள். பலகையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். முனிசிபாலிட்டிக்கு நான் சொல்வது: சந்தியாகப்பர்புரம் என்று முழுசாக எழுதுங்கள். இந்த இடத்தைக் கட்டியவன் தவசிமுத்து என்று அதன் கீழே போட்டே ஆக வேண்டும், விடமாட்டேன். இடம் போதாவிட்டால் என் பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நடுவில் லாடம் என்று ஒரு பெயர் வரும், அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதுகிறவர் தலையில் துண்டு கட்டியிருந்தால், தயவுசெய்து அவிழ்த்துவிட்டு எழுதட்டும்.