திங்கள் மடல்

2024 ஜூலை 3, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் பெயர்சூட்டுக் குழு கூடியது. வருகை: நால்வர். மின்விசிறி: ஒன்று.

நாடுகளின் எல்லையை மாற்றிய கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு வியர்த்ததில்லை. குழுவின் செயலராக நானும் அங்கே இருந்தேன் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எட்டுப் பக்கத்தில் ஒன்றை வெளியிட்டு வந்தது. பணிமாற்றம், பதவி உயர்வு, ஓய்வு, இரங்கல் எல்லாம் அதில் வரும். விதி நாற்பத்தொன்றின்படி, எந்த உத்தரவும் அதில் அச்சான நாளிலிருந்துதான் செல்லும். பத்தொன்பது ஆண்டுகளாக அதை எல்லோரும் ‘மாத நியூஸ்லெட்டர்’ என்றார்கள். எல்லோருக்கும் புரிந்தது. புதிதாக வந்த நிர்வாக அதிகாரியை உறுத்தியது அதுதான்.

ஆகஸ்ட் மாதத்துக்கான அச்சு மெய்ப்பு என் மேசையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் அக்கா கணவரின் ஊருக்குப் போகும் பணிமாற்றம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர் பேருந்தில் ஒன்பது மணி நேரத் தொலைவில் இருந்தார். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா பேசுவார். அங்கே பக்கத்து வீட்டம்மாள் போனைக் கணவரின் காதில் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் இவை நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நூலகர் சொற்பட்டியலோடு வந்திருந்தார். ‘பத்திரிகை’ முதலில் விழுந்தது. பத்திரிகை வந்திருக்கிறது என்றால் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். ‘சஞ்சிகை’யை எழுத்துப் பிழையில்லாமல் எழுத குழுவில் இருவருக்கு வரவில்லை. ‘மலர்’ ஆண்டுக்கு ஒரு முறைதான் மலரும். ‘ஏடு’ என்றதும் அனுப்புகைப் பிரிவின் பொறுப்பாளருக்குப் பாலேடு நினைவு வந்து, தேநீர் கேட்டார். எதிலும் அழுத்திக் குத்துவதால் அவருக்கு ‘முத்திரை’ என்று பெயர். ‘இதழ்’ கிட்டத்தட்ட வென்றுவிட்டது. அதிகாரிதான் தடுத்தார்.

“இதழ்னா உதடுன்னும் அர்த்தம் இருக்கே. நிர்வாகத்துக்கு உதடு இருக்குன்னு தெரிஞ்சா வாயத் திறக்கச் சொல்லுவாங்க.”

மிஞ்சியது ‘மடல்’. தாழை மடல், செவிமடல் என்று அடுக்கிய நூலகர், மடலேறுதலுக்கும் வந்தார். பழங்காலத்தில் காதல் கைகூடாதவன் பனை மடலில் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, தன் குறையை ஊருக்கே தெரியும்படி தெருவில் போவானாம். முத்திரை அவன் சம்பந்தப்பட்ட கோப்பு எண்ணைக் கேட்டார். அதிகாரியின் கவலை வேறு: மடல் என்றால் கடிதம், கடிதம் என்றால் யாராவது பதில் போட்டுவிடுவார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘இம்மடலுக்குப் பதில் எதிர்பார்க்கப்படவில்லை’ என்று அச்சிடலாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அந்தத் தெளிவு தந்த தைரியத்தில், ‘மாத’ என்பதும் நம் சொல் இல்லை, ‘திங்கள்’ என்று போடலாம் என்றேன். கைதட்டினார்கள். ‘திங்கள் மடல்’ பிறந்தது.

ஜூலை 8 காலை ஒன்பது மணிக்கு முத்திரை இரண்டு காலிச் சாக்குகளோடு என் மேசைமுன் நின்றார்.

“இன்னைக்குத் திங்கள். மடல் எங்க சார்?”

“திங்கள்னா மாசம்ங்க.”

“எங்க வீட்டுக் காலண்டர்ல ஏழு நாளைக்கு ஒருக்கா வருது. உங்க வீட்ல எப்படி?”

புதன்கிழமை குழு மறுபடி கூடியது. அகராதி இரண்டும் சரி என்றது. நிலா என்றும் சொன்னது. சிக்கல் வளர்வதற்குள் அதை மூடிவிட்டோம். மூன்று மணி நேரத்துக்குப் பின் அதிகாரி ‘வரலாற்றுச் சமரசம்’ ஒன்றை அறிவித்தார். மாதத்தின் ஒன்றாம் தேதி திங்கட்கிழமையாக அமையும் நாளில் மடல் வெளிவரும். இரு தரப்புக்கும் வெற்றி. அவர் தலைக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. யாரும் எழுந்துபோய்ப் புரட்டவில்லை.

புரட்டியவர் ஆபரேட்டர் அக்கா. மறுநாள் தன் மேசைக் காலண்டரையும், கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆண்டுக் காலண்டர் அச்சிட்டிருந்த டைரியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை எப்ப வருது தெரியுமா? அடுத்த வருஷம் செப்டம்பர்ல. நான் ரிட்டயர் ஆகறது அதுக்கு முந்தின நாள், ஆகஸ்ட் முப்பத்தொண்ணு.”

சமரசத்தின் மொழியியல் சிறப்பை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்தத் தீர்மானத்த மாத்த முடியாதா?”

முடியும் என்றேன். ஆனால் திருத்தம் மடலில் அச்சான பிறகுதான் செல்லும்.

அக்காவின் பார்வை என் மேசையில் கிடந்த மெய்ப்பின்மேல் விழுந்தது. தலைப்பு இன்னும் ‘மாத நியூஸ்லெட்டர்’ என்றுதான் இருந்தது.

“இத இப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்களேன். ஒரே ஒரு தடவை. எப்பவும் கையெழுத்துப் போட்டு அனுப்பறது நீங்கதானே?”

நான்தான். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதிகாரி ஒருவேளை கவனித்தே இருக்க மாட்டார். ஆனால், நான் சூட்டிய பெயர் இல்லாமல் ஓர் இதழா? மொழிக்கு அப்படி ஒரு துரோகத்தை என் கையால் செய்ய முடியாது என்றேன்.

“அப்ப நானும் மடலேறணும்னு சொல்றீங்க,” என்றார் அக்கா. நூலகர் அந்தக் கதையை எல்லா மாடிகளிலும் சொல்லியிருந்தார். சுவிட்ச்போர்டு மணி அடித்தது. கீழே போய் எடுத்து, “வணக்கம், தலைமை அலுவலகம்,” என்றார்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கணவருக்குப் போன் செய்யவில்லை. பக்கத்து வீட்டம்மாள் காலையிலேயே பேசிவிட்டிருந்தார்.

2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை, ‘திங்கள் மடல்’ குறித்தபடி வெளிவந்தது. முத்திரை ஒரே சாக்கில் எல்லாவற்றையும் அனுப்பினார். பதினான்கு மாதச் செய்திகள் என்பதால் எழுத்தைச் சிறிதாக்கியிருந்தோம். முதல் பக்கத்தில், சொல்லைக் கண்டுபிடித்ததற்கான பாராட்டும் என் படமும். மூன்றாம் பக்கத்தில், கணவரின் உடல்நிலை கருதி ஆபரேட்டருக்குப் பணிமாற்றம். ஐந்தாம் பக்கத்தில், ஆபரேட்டரின் கணவர் மறைவுக்கு இரங்கல். ஏழாம் பக்கத்தில், ஆபரேட்டர் பணி ஓய்வு. மூன்றிலும் எழுத்துப் பிழை இல்லை, நானே திருத்தினேன்.

அக்காவின் வீட்டு முகவரிக்கு ஒரு பிரதி போயிற்று. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘இம்மடலுக்குப் பதில் எதிர்பார்க்கப்படவில்லை’ என்று இருந்தது. பதில் வரவில்லை.